பவர் எல்இடியில் ப்ளஸ் எது, எத்தனை வோல்ட்: மீட்டரா, பேட்டரியா, பவர் சப்ளையா?

அடையாளம் அழிந்துபோன பவர் எல்இடியில் துருவம் மட்டும் தெரிந்தால் போதும் என்றால் 9 வோல்ட் பேட்டரியும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும்தான் சிறந்த வழி. வோல்டேஜும் வேண்டுமென்றால் கரண்ட் லிமிட் (கரண்டுக்கு உச்ச வரம்பு வைக்கும் வசதி) உள்ள பவர் சப்ளையை விட்டால் வேறு வழியில்லை.

எல்லோரும் முதலில் எடுப்பது மல்டிமீட்டரைத்தான். டயோடு மோடில் சிவப்பு எல்இடி மங்கலாக எரியும், மீட்டரின் சிவப்பு முனை தொட்ட கால் ப்ளஸ். வெள்ளையும் நீலமும் எரியத் தொடங்கவே சுமார் 2.5 வோல்ட் வேண்டும், மலிவு மீட்டர்கள் பலவற்றால் அவ்வளவு தர முடியாது. இரண்டு பக்கமும் 'ஓஎல்' (கரண்ட் ஓடவில்லை என்ற குறி) காட்டினாலும் எல்இடி போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

பேட்டரியோடு ரெசிஸ்டரைத் தொடராக இணைத்தால் வெள்ளை எல்இடியில் ஓடுவது ஏறக்குறைய 6 மில்லிஆம்பியர்தான். எல்இடிக்குச் சேதம் வராது, வெளிச்சமும் தெளிவாகத் தெரியும். தலைகீழாக மாட்டியும் நீண்ட நேரம் விடாதீர்கள். 3 சிப் தொடராக உள்ள 10 வாட் சிஓபிக்கு (ஒரே தகட்டில் பல சிப் பதித்த எல்இடி) 9 வோல்ட் பத்தாது, 12 வோல்ட் அடாப்டரில் அதே ரெசிஸ்டரைப் போடுங்கள். எரியும்போது கால்களில் அளக்கும் வோல்டேஜை எல்இடியின் வேலை வோல்டேஜ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முழுக் கரண்டில் அது இன்னும் ஏறும்.

பவர் சப்ளையில் வோல்டேஜைப் பூஜ்யத்துக்கு இறக்கி, வயர்களை ஷார்ட் செய்து, சற்றே ஏற்றி கரண்டை 20 மில்லிஆம்பியரில் நிறுத்துங்கள். மறுபடி பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் எல்இடியை மாட்ட வேண்டும். 12 வோல்ட் வைத்துவிட்டு மாட்டினால், லிமிட் வேலை செய்யும் முன்பே அவுட்புட் கெப்பாசிட்டரில் இருக்கும் சார்ஜ் எல்இடிக்குள் பாய்ந்துவிடும். மெதுவாக ஏற்றி 4 வோல்ட் தொட்டும் எரியவில்லையா? பூஜ்யத்துக்கு இறக்கி வயரை மாற்றிப் போடுங்கள், பல எல்இடிகளுக்கு ரிவர்ஸில் எல்லை 5 வோல்ட்தான். இரு பக்கமும் எரியாவிட்டால் உள்ளே பல சிப்கள் தொடராக இருக்கலாம்.

துருவம் தெரிந்ததும் ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) பொருத்தி, 1 வாட் எல்இடி என்றால் 350 மில்லிஆம்பியர் கொடுத்து, முதல் சில விநாடிகளில் எல்இடியின் கால்களிலேயே அளந்துவிடுங்கள். சப்ளை டிஸ்ப்ளே வயரில் விழும் வோல்டேஜையும் சேர்த்துக் காட்டும். வெள்ளைக்குப் பொதுவாக 3.0 முதல் 3.4, சிவப்புக்கு 2.0 முதல் 2.6 வரும். சூடேற ஏற இந்த எண் இறங்கும். அதனால்தான் 3.2 வோல்ட் என்று அளந்ததை நிலையான 3.2 வோல்ட்டாகக் கொடுத்தால் கரண்ட் தானாக ஏறி, இன்னும் சூடாகி, எல்இடி கருகுகிறது. கரண்டை ஒரே அளவில் நிறுத்தும் கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர் போடுங்கள், அளந்த வோல்டேஜ் அந்த டிரைவரின் வோல்டேஜ் ரேஞ்சுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரே ஹீட்சிங்கில் பல எல்இடிகளை வைப்பதற்கு முன், அடி உலோகத்துக்கும் கால்களுக்கும் இடையே மீட்டரில் கன்டினியுட்டி (மின் இணைப்பு இருக்கிறதா என்று) பாருங்கள். சில மாடல்களில் அந்த அடிப்பகுதி ஒரு காலோடு சேர்ந்திருக்கும், நேராக ஒட்டினால் தொடர் இணைப்பு ஷார்ட் ஆகிவிடும்.