ஜென் மெத்தையா, தேநீர்க் கிண்ணமா? ஜப்பானில் எதைப் படிப்பது?

கியோட்டோவில் ஒரே நாளில் காலையில் தியானம், மதியம் தேநீர்ச் சடங்கு, மாலையில் கிமோனோ போட்டு ஒரு படம் என்று முடித்துவிடலாம். அது ஊறுகாயைத் தொட்டு நக்குவது போல. அதில் தப்பில்லை, ஆனால் வயிறு நிறையாது. சில வாரமோ சில மாதமோ தங்கி ஒன்றை உருப்படியாகக் கற்க நினைப்பவருக்கு ஜென் பௌத்தத்தின் ஸாசென் என்னும் அமர்வுத் தியானமா, தேநீர்க் கலையா என்பதுதான் முதல் கேள்வி. ஊர் திரும்பிய பிறகும் எது நம்மோடு இருக்கும் என்பதை வைத்துத்தான் நான் இரண்டையும் எடை போடுகிறேன்.

முதலில் ஸாசென். அதிலேயே இரண்டு பெரிய மரபுகள் உண்டு. சோத்தோ மரபில் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். எதையும் அடைய முயலாமல் உட்கார்ந்திருப்பதே பயிற்சி. இந்த மரபின் தலைமைக் கோயில்களில் ஒன்றான எய்ஹெய்ஜியை 1244இல் தோகென் என்ற துறவி நிறுவினார். ஃபுகுய் மாநில மலைக்காட்டில் இருக்கிறது. 2024 மார்ச்சிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயில் ஃபுகுய் வரை ஓடுவதால் டோக்கியோவிலிருந்து போவது சுலபமாகிவிட்டது. இங்கே வெளியாரும் இரவு தங்கலாம். விடியுமுன்னே எழுப்பிவிடுவார்கள். சாப்பாடு முழுச் சைவம். வெங்காயம், பூண்டும் கிடையாது. ஜப்பானிய ஓட்டல்களில் ‘காய்கறி சூப்’ என்று வருவதில்கூட மீன் சாறு ஒளிந்திருக்கும். இங்கே அந்தப் பயம் இல்லை, கடற்பாசியும் காளானும்தான் சாறுக்கு.

ரின்சாய் மரபில் மண்டபத்தின் நடுவைப் பார்த்து எதிரெதிர் வரிசையில் உட்காருவார்கள். குரு கோஆன் என்னும் புதிர் கொடுப்பார். சீடன் தனியறையில் அவர் முன்னால் போய் விடை வைக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். ஜப்பானிய மொழி தெரியாமல், அல்லது ஆங்கிலம் பேசும் குரு கிடைக்காமல், கோஆன் பயிற்சி நகராது. சும்மா உட்கார்ந்து பார்க்க என்றால் காமகுராவில் 1282இல் தொடங்கிய எங்காகுஜி நல்ல இடம். பொதுமக்களுக்கான அமர்வுகள் உண்டு, ரயில் நிலையமும் கோயில் வாசலிலேயே. 1893 சிகாகோ மாநாட்டில் விவேகானந்தர் பேசிய அதே மேடையில் ஜென் சார்பில் கலந்துகொண்ட ஷாகு சோயென் இந்தக் கோயிலின் தலைமைத் துறவி. அதற்கு முன்பே இலங்கைக்கு வந்து தங்கிப் பாலி மொழி படித்தவர்.

கோயில் என்றால் ஓய்வு என்று நினைப்பவர்கள் ஹியோகோ மலைகளில் உள்ள அந்தாய்ஜியைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கட்டும். சோத்தோ மரபுதான். நெல்லும் காய்கறியும் தாங்களே விளைவித்து, விறகு வெட்டி வாழும் மடம். ஒரு வாரம் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு அது பொருந்தாது.

அடுத்து தேநீர். 1591இல் இறந்த தேநீர்க் குரு சென் நோ ரிக்யூவின் வழித்தோன்றல்கள் நடத்தும் மூன்று பள்ளிகள் கியோட்டோவில் உண்டு. அவற்றில் உராசென்கே வெளிநாட்டவருக்கென்றே 1970இல் மிதோரிகாய் என்ற வகுப்பைத் தொடங்கியது. எந்த ஆசிரியரிடம் சேர்ந்தாலும் தொடக்கத்தில் தேநீர் கைக்கு வராது. பட்டுத் துணியை மடிப்பது, தத்தாமிப் பாயில் நடப்பது, கதவை நகர்த்துவது, வணங்குவது, இவைதான் பாடம். அலுக்கும். ஆனால் ஒரு பெரிய லாபம் உண்டு. ஸாசெனில் மனம் ஊர் சுற்றினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. தேநீரில் கரண்டி ஒரு அங்குலம் தவறினாலும் ஆசிரியர் கண்ணில் பட்டுவிடும். திருத்தம் அங்கேயே, அப்போதே.

அப்புறம் கால். சம்மணம் போட்டுப் பழகிய நமக்கு ஸாசென் ஐரோப்பியர்களுக்கு இருக்கும் அளவு கொடுமையாக இருக்காது. ஒரு ஊதுவத்தி எரியும் நேரம், சுமார் 40 நிமிடம், சமாளிக்கலாம். தேநீர் அறையிலோ சேய்ஸா, அதாவது வஜ்ராசனம் போல் குதிகால் மேல் உட்காருவது. அரை மணியில் பாதம் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்.

வில்வித்தை ஜென்னின் இன்னொரு முகம் என்ற பேச்சை 1948இல் வந்த ஒரு ஜெர்மன் புத்தகம் உலகமெங்கும் பரப்பியது. 28 மீட்டர் தூரத்து இலக்கை நோக்கி எய்யும் முன் ரப்பர் பட்டையையும் பக்கத்து வைக்கோல் கட்டையும் வைத்தே நாள் போகும். குறுகிய பயணத்துக்கு வேண்டாம்.

சரி, முடிவு? இரண்டு மூன்று வாரம்தான் கையில் என்றால் சோத்தோ ஸாசென். மொழி அதிகம் தேவையில்லை, வீட்டில் உட்கார ஒரு மெத்தை போதும். தேநீருக்குப் பாய், கொதிகலம், விருந்தாளி என்று ஒரு வீடே வேண்டும். தட்டில் வைத்துச் செய்யும் எளிய முறை ஒன்று உண்டு, அதை மட்டும் ஊர் திரும்பிய பிறகும் தொடரலாம். ஒரு வருடம் இருக்க முடியுமானால் நான் தேநீரையே எடுப்பேன், விடியற்காலையில் பக்கத்துக் கோயிலில் அமர்வும் சேர்த்து. தேநீரில் ஒவ்வொரு நிலைக்கும் அனுமதிச் சான்றுக்குக் கட்டணம் உண்டு, அதைக் கணக்கில் வையுங்கள். இப்படித் தங்கிப் படிக்க ஜப்பானில் கலாசார நடவடிக்கைகளுக்கான விசா இருக்கிறது. அது படிப்புக்கானது, சம்பாத்தியத்துக்கு அல்ல.

பையில் ஒரு ஜோடி வெள்ளைக் காலுறை வையுங்கள். தேநீர் அறைக்குள் அதைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். தியான மண்டபத்தில் அதையே கழற்றச் சொல்வார்கள்.