கோத்தகிரிப் பட்டறையில் கியர் ராடு சரிசெய்த அனுபவம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், பைக்கில் மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைக்கும்போது கியர் முழுதாக விழாமல் இடையில் நின்றுவிட்டால், எஞ்சினின் பிடி விட்டுப்போய் வண்டியின் மொத்தச் சுமையும் பிரேக்கின்மேல் வந்துவிடும். கடந்த ஐப்பசி மழையில் எனக்கு இரண்டு முறை அப்படி நேர்ந்தது. சமவெளியில் நான் முதலில் காட்டிய பட்டறையில், வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், எஞ்சினைத் திறந்து, உள்ளே பற்சக்கரங்களை நகர்த்தும் கியர் ஃபோர்க்கை மாற்ற வேண்டும் என்றார்கள். மனம் ஒப்பவில்லை. நண்பர் சொன்னதால், கோத்தகிரியின் டானிங்டன் பக்கம் இருவர் மட்டுமே வேலை பார்க்கும் ஒரு சிறிய பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த மூத்த மெக்கானிக் முதலில் கிளட்ச் கேபிளைப் பார்த்தார். கிளட்ச் சரியாகப் பிரியாவிட்டாலும் கியர் இப்படித்தான் முரண்டு பிடிக்கும். பிறகு தரையில் உட்கார்ந்து, எஞ்சினிலிருந்து வெளியே நீளும், கியரை மாற்றும் ஷாஃப்ட்டின்மேல் என்னை விரல் வைக்கச் சொல்லிவிட்டு, கியர் மிதியை மெதுவாக அழுத்தினார். மிதி ஒரு விரல் அகலம் நகர்ந்த பிறகே என் விரலுக்கடியில் ஷாஃப்ட் அசைந்தது. "எஞ்சின்ல ஒண்ணும் இல்ல சார், ஆட்டம் எல்லாம் வெளியில்தான்" என்றார்.

என் வண்டியில் மிதி நேரடியாக ஷாஃப்ட்டில் மாட்டப்படவில்லை. இரு முனையிலும் பால் ஜாயின்ட் (குண்டின்மேல் அசையும் மூட்டு) வைத்த ஒரு ராடு நடுவில் இருக்கிறது. அந்த ஜாயின்ட்டுகளின் ரப்பர் உறை கிழிந்து, தோட்டச் சாலையின் செம்மண்ணும் மழைநீரும் கிரீஸோடு கலந்து, உப்புத்தாள் போலக் குண்டையே தேய்த்திருந்தன. மிதி சுழலும் இடத்தில் உள்ளே இருக்கும் உலோக வளையமான புஷ்ஷும் முட்டை வடிவில் அகன்றிருந்தது.

இரண்டு ஜாயின்ட்டுகளில் ஒன்று இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகுவது. அது ஊரில் கிடைக்காமல் கோவையிலிருந்து வரவேண்டியிருந்ததால் இரண்டு நாள் காத்திருந்தேன். தனியாக விற்காத புஷ்ஷைக் கன்மெட்டல் என்ற செம்புக் கலவையில் கடைசல் பிடித்துப் போட்டார். ஷாஃப்ட்டின் பல் நன்றாகவே இருந்தது. அதன்மேல் மாட்டி ராட்டோடு இணைக்கும் கையின் பல்தான் மழுங்கியிருந்தது. பலர் இந்த இடத்தில் வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் கெடும், பிறகு எஞ்சின் கவரைக் கழற்றவும் வழியிருக்காது என்று சொல்லி, புதிய கையையே மாட்டி, போல்ட் ஷாஃப்ட்டின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று இருமுறை பார்த்து இறுக்கினார். அந்தக் கவனத்துக்காகவே இந்தப் பட்டறையை மதிக்கிறேன்.

கடைசியாக, நான் மழைக்கு பூட்ஸ் போட்டு ஓட்டுபவன் என்று கேட்டறிந்து, பூட்ஸோடு என்னை வண்டியில் உட்காரவைத்தார். இரு முனை மரைகளும் எதிரெதிர் என்பதால், ராட்டைக் கழற்றாமலே திருகி மிதியின் உயரத்தை என் காலுக்கு ஏற்றபடி வைத்து, லாக் நட்டுகளை இறுக்கினார். உதிரி பாகம், கடைசல், கூலி எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்காமலே கையில் கொடுத்தார்.

அதன் பிறகு மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறினேன். 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில்கூடக் கியர் தவறவில்லை.

குறை என்றால், எழுத்தில் ரசீது தருவதில்லை. புதிய புஷ்ஷில் கிரீஸ் விடத் துளை வைத்திருக்கலாம், கேட்டால் வைத்துத் தருவார் என்றே நினைக்கிறேன். கூரைக்கடியில் இரண்டு வண்டிகளுக்குத்தான் இடம். மழை நாளில் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள்.