ஸ்ட்ராட் கிட்டாருக்கு எந்தப் பிக்கப்? மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஓர் ஒப்பீடு

போன மார்கழியில் எங்கள் ஆலயத்தில் கரோல் ஆராதனை. வேத வாசிப்புக்கும் பாட்டுக்கும் நடுவே எல்லோரும் தலை குனிந்து நிற்கிற நேரத்தில், மண்டபம் முழுக்கக் கேட்டது என் கிட்டாரின் இரைச்சல்தான். வெளியே வரும்போது பாடகர் குழுவில் மூத்தவரான ஓர் அன்ரி, "உன்ட கிட்டார் ஏன் மனே இப்படி இரையுது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மனதில் நின்றுவிட்டது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி அம்ப்புக்கு அனுப்பும் பிக்கப்பை மாற்றிவிடுவோம் என்று அன்று இரவே தீர்மானித்தேன்.

எதைப் போடுவது என்பதில்தான் காலம் போனது. ஒருவர் நல்ல சிங்கிள் கொயில் (ஒரே சுருள் உள்ளது) போடு என்பார், இன்னொருவர் ஹம்பக்கர் (இரண்டு சுருள் உள்ளது) என்பார், மெட்டல் வாசிக்கிற தம்பிமார் பற்றரியில் ஓடும் எக்டிவ் பிக்கப்பைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. என்னுடைய இரண்டு கிட்டார்களிலும், என்னிடம் பழக வருகிற பிள்ளைகளின் கிட்டார்களிலுமாக இந்த வழிகள் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். எல்லாம் வீட்டு மேசையில், என் கையால் சோல்டர் பிடித்துச் செய்தவை.

பேசப்போவது ஸ்ட்ராட், அதாவது ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவக் கிட்டாரைப் பற்றி. மூன்று சிங்கிள் கொயில், ஒரு வொலியூம், இரண்டு டோன். 1954இல் ஃபெண்டர் வெளியிட்ட அமைப்பு இது. எந்தப் பிக்கப் ஒலிப்பது என்று தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் அப்போது மூன்று நிலை, ஐந்து நிலை பின்னால் வந்தது. என்னிடம் வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தோளில் போட்டு வருவது இந்த வடிவத்தின் விலை குறைந்த நகல்தான்.

இரைச்சல் எந்த வகை?

பிக்கப் என்பது காந்தத்தின்மீது, தலைமுடி அளவு மெல்லிய செப்பு வயரை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரு கொயில். மேலே உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் கலைகிறது, கொயிலில் சிறு மின்சாரம் பிறக்கிறது. பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்போமரின் காந்தப் புலத்தையும் அதே கொயில் பிடித்துவிடும். நம்முடைய கரண்ட் 50 ஹேர்ட்ஸ். "உம்ம்" என்று அடியில் ஓடுகிற சத்தம் அந்த 50உம் அதன் மடங்குகளும்தான். இன்னொரு வகை "சிர்ர்" என்று மேலே கேட்பது. ட்யூப் லைட், மலிவான எல்.ஈ.டி. விளக்கு, போன் சார்ஜர் போன்றவற்றின் மின்புலத்தைக் கிட்டாருக்குள் இருக்கும் வயர்கள் அன்டெனா போலப் பிடிப்பதால் வருவது அது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அம்ப்பைப் போட்டு வொலியூமைக் கூட்டுங்கள். கம்பிகளைத் தொடாமல் கேளுங்கள், பிறகு தொடுங்கள். தொட்டவுடன் சத்தம் நன்றாகக் குறைந்தால் அது மின்புல இரைச்சல். குறையாமல், நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பும்போது கூடிக் குறைந்தால் அது காந்தப்புல இரைச்சல். தொட்டால் கூடுகிறது என்றால் உள்ளே வயர்கள் மாறிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன. பிக்கப் வாங்கப் போகாமல் முதலில் அதைத் திருத்துங்கள்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் பிக்கப் வாங்கக் கூடாது என்பதுதான் நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது. எந்த இரைச்சல் உங்களுடையதோ, அதுவே எந்தப் பிக்கப் என்பதையும் பாதி தீர்மானித்துவிடும்.

ஒன்று இன்னும் முக்கியம். கிட்டார் கையில் இருக்க, மைக்கில் உதடு படும்போது சுரீர் என்று அடித்தால் அது பிக்கப்பின் குறை இல்லை. ஏர்த் சரியில்லை. ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடைகளில், மூன்று முனைப் பிளக்கின் ஏர்த் முனையைக் கழற்றிவிட்டுச் செருகியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். அப்படி இருந்தால் வாசிக்க வேண்டாம். ஏர்த்தையும் ட்ரிப் ஸ்விட்சையும் எலக்ட்ரீசியன் பார்த்த பிறகு ஏறுங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பழைய பிக்கப்பை வைத்துக்கொண்டு செப்பு டேப்

மிகவும் மலிவான வழி. பிக்கார்டை (பிக்கப்புகள் பூட்டியிருக்கும் முன்பக்கத் தகட்டை) கழற்றி, உடலில் உள்ள குழி முழுவதையும், பிக்கார்டின் அடிப்பக்கத்தையும் செப்பு டேப்பால் மூடி, அதை ஏர்த் வயரோடு இணைப்பது. டேப்பின் ஒரு துண்டு இன்னொன்றின் மேல் ஏறும் இடங்களில் மின்தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீற்றரால் பாருங்கள். பசை மின்சாரத்தைக் கடத்தாத வகையாக இருந்தால் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு சோல்டர் வைக்க வேண்டும். சமையலறை அலுமினியத் தாளால் செய்யலாம் என்பார்கள். அலுமினியத்தில் சாதாரண சோல்டர் ஒட்டாது, அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

முதல் தடவை செய்தபோது, மூடி முடித்து அம்ப்பில் செருகினால் சத்தமே இல்லை. கேபிள் செருகும் ஜாக்கின் முனை டேப்பில் பட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன், சரியாகிவிட்டது.

பலன்? "சிர்ர்" ஏறத்தாழப் போய்விட்டது. "உம்ம்" அப்படியே இருந்தது. செப்பு மின்புலத்தைத் தடுக்கும், 50 ஹேர்ட்ஸ் காந்தப் புலத்தை அந்த மெல்லிய தகடு தடுக்காது. வீட்டில் மட்டும் வாசிக்கிற பிள்ளைகளில் சிலருக்கு இதோடு வேலை முடிந்துவிட்டது.

புதிய சிங்கிள் கொயில்

இங்கே காதுக்குக் கிடைப்பது நிறைய, இரைச்சலுக்குக் கிடைப்பது கொஞ்சம்.

மலிவான கிட்டார்களில் பெரும்பாலும் ஆறு உருக்குத் துண்டுகளும் அடியில் ஒரு செராமிக் காந்தப் பட்டையும் இருக்கும். பழைய முறைப் பிக்கப்பில் அந்த ஆறு துண்டுகளே அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தங்கள். என் முதல் கிட்டாரில் அல்நிகோ 5 என்ற வகையைப் போட்டபோது நெக் பிக்கப்பில் (கழுத்துப் பக்கம் உள்ளதில்) வந்த மாற்றத்தை மறக்க முடியாது. விரலால் மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும், அழுத்தினால் மணி போலவும் பேசியது. கீர்த்தனைகளுக்கு மெல்ல ஆர்ப்பெஜியோ (கோர்டின் சுரங்களை ஒவ்வொன்றாக) வாசிக்கிறவர்களுக்கு வேறு எதையும் இந்த அளவுக்குச் சொல்லமாட்டேன்.

செராமிக் என்றாலே மட்டம் என்று எண்ணவும் வேண்டாம். 1970களில் டிமார்சியோ என்ற பிக்கப் நிறுவனத்தைப் பெயர்பெறச் செய்த சூப்பர் டிஸ்டோர்ஷன் செராமிக் காந்தம் வைத்த ஹம்பக்கர்தான். காந்தத்தின் பெயரைவிட, அதைச் சுற்றி என்ன கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் சத்தத்தைத் தீர்மானிக்கிறது.

ஆனால் சிங்கிள் கொயில் எவ்வளவு விலை கொடுத்தாலும் இரையும். நடுப் பிக்கப் எதிர்த் திசையில் சுற்றப்பட்டு, காந்தமும் தலைகீழாக இருக்கும் வகையை வாங்கினால், அது இன்னொரு பிக்கப்போடு சேர்ந்து ஒலிக்கும் ஸ்விட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் மட்டும் "உம்ம்" அடங்கும். நான் இப்போது ஜெபத்துக்குப் பின்னணி வாசிப்பது எப்போதும் நான்காம் நிலையில்தான். ஒரு கொயிலை இன்னொன்றின் கீழே வைத்துச் செய்யும் இரைச்சலற்ற சிங்கிள் கொயில்களும் கிடைக்கின்றன. என் காதுக்கு அவற்றில் மேல் சுருதியின் பளபளப்பு சற்றுக் குறைவு. ஆனால் மேடைக்கு நல்ல வழி.

பிரிட்ஜில் (கம்பிகள் உடலில் முடியும் பக்கத்தில்) மட்டும் ரெயில் ஹம்பக்கர்

கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் வேலை செய்த செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனைதான் ஹம்பக்கர். இரண்டு கொயில்களை எதிரெதிராகச் சுற்றி, காந்தத் துருவத்தையும் எதிரெதிராக வைத்தால், கம்பியின் சத்தம் கூடும், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். 1957இல் அது கிப்சன் கிட்டார்களில் வந்தது.

முழு அளவு ஹம்பக்கர் ஸ்ட்ராட்டின் பிக்கார்டில் உள்ள துளைக்குள் போகாது. வெட்ட வேண்டும், சில கிட்டார்களில் மரத்தையும் குடைய வேண்டும். எங்கள் பக்கம் மரவேலையில் பேர்போன, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. வயலினும் கிட்டாருமாகக் கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசை வாசிக்கிற வீடுகளும் அவைதான். அவர்களில் ஒரு மாமா, "கொண்டு வா, உளி போட்டுத் தாறன்" என்றார். அவர் கையில் எனக்கு முழு நம்பிக்கை. ஆனாலும் திரும்பப் பழைய நிலைக்கு வர முடியாத வேலையை முதலில் செய்ய மனம் வரவில்லை.

அதற்குத்தான் ரெயில் வகை. சிங்கிள் கொயிலின் அளவிலேயே இரண்டு மெல்லிய கொயில்கள், ஆறு துண்டுகளுக்குப் பதில் இரண்டு நீண்ட உருக்குத் தகடுகள். டங்கன் என்ற பிக்கப் நிறுவனத்தின் ஹொட் ரெயில்ஸ், டிமார்சியோவின் பாஸ்ட் ட்ராக் இந்த வகை. தகடு என்பதால் கம்பிகளின் இடைவெளி பொருந்துமா என்ற கவலையும் இல்லை. நகல் கிட்டார்களில் அந்த இடைவெளி ஆளுக்கொரு அளவாக இருப்பதால் இது பெரிய நிம்மதி.

சத்தம் தடிப்பானது, பலமானது. பிரிட்ஜ் நிலையின் அந்தக் கூர்மையான கீச்சுப் போய்விட்டது. டிஸ்டோர்ஷன் போட்டால் பாட்டுக்கு நடுவில் நிறுத்தும் இடங்களில் உண்மையான மௌனம் கிடைத்தது. குறை என்னவென்றால், நெக்கிலிருந்து பிரிட்ஜுக்கு மாறும்போது சத்தம் துள்ளும். ரெயிலைக் கொஞ்சம் கீழே இறக்கி அதைச் சமன் செய்தேன். டோன் பொட்டை (குமிழுக்குக் கீழே உள்ள பாகத்தை) இழுத்துத் தள்ளும் வகையாக மாற்றியிருக்கிறேன். இழுத்தால் ஒரு கொயில் மட்டும் வேலை செய்யும், சிங்கிள் கொயிலின் தெளிவு ஓரளவு திரும்பும், இரைச்சலும் கூடவே திரும்பும்.

பெட்டியில் எழுதியிருக்கும் கிலோ ஓம் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். வயர் மெல்லியதானாலும் அந்த எண் கூடும். 16 கிலோ ஓம் என்பது 8ஐவிட இரு மடங்கு பலம் என்று அர்த்தமில்லை.

நான்கு வயரும் ஒரு வெறும் வயரும் வரும். இங்கேதான் பலர் தடுமாறுவது. டங்கனில் கறுப்பு ஸ்விட்சுக்குப் போகும், சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து முறுக்கி மூடிவிட வேண்டும், பச்சையும் வெறும் வயரும் ஏர்த்துக்கு. டிமார்சியோவில் சிவப்பு ஸ்விட்சுக்கு, கறுப்பும் வெள்ளையும் சேர்த்து மூட வேண்டும், பச்சையும் வெறும் வயரும் ஏர்த்துக்கு. இணைத்த பிறகு நடுப் பிக்கப்போடு சேரும் நிலையில் சத்தம் மூக்கால் பேசுவதுபோல் மெலிந்து கேட்டால் இரண்டும் எதிர்ப் பேஸில், அதாவது ஒன்றின் சத்தத்தை மற்றது அழிக்கும் நிலையில், இருக்கின்றன. அப்போது ரெயிலின் ஸ்விட்ச் வயரையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள். வெறும் வயர் ஏர்த்திலேயே இருக்கட்டும்.

எக்டிவ்

1976இல் தொடங்கிய ஈ.எம்.ஜி. நிறுவனத்தின் பெயரோடுதான் இந்த வகையை எல்லோரும் அறிவார்கள். குறைந்த சுற்றுள்ள கொயில், உள்ளேயே ஒரு சிறு அம்ப், 9 வோல்ட் பற்றரி. இரைச்சல் விஷயத்தில் நான் பார்த்ததிலேயே இதுதான் சிறந்தது. கம்பிகளை ஏர்த்தோடு இணைக்கத் தேவையில்லை என்பதால், ஏர்த் மோசமான மேடையில் கம்பி வழியாகக் கரண்ட் அடிக்கும் அபாயமும் குறைகிறது. இப்போது வரும் தொகுதிகளில் செருகினால் போதும், சோல்டரே வேண்டியதில்லை.

பாதியாகச் செய்ய முடியாது என்பதுதான் சிக்கல். பொட்டுகள் 25 கிலோ ஓம், சாதாரணப் பிக்கப்புக்குரிய 250 அல்ல. அதனால் ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றுவதே ஒழுங்கு. ஜாக்கையும் ஸ்டீரியோ வகைக்கு மாற்ற வேண்டும். பற்றரிக்கு ஸ்ட்ராட்டின் குழியில் இடம் நெருக்கம். பற்றரி நீண்ட காலம் வரும், ஆனால் கேபிளைக் கழற்ற மறந்தால் வராது. ஒரு மாணவருக்குப் பூட்டிக் கொடுத்தேன், அவர் மெட்டல் வாசிக்கிறார், மகிழ்ச்சியாக இருக்கிறார். எனக்கு அந்தச் சமமான, இறுக்கமான சத்தம் தேவாலயத்தில் பொருந்தவில்லை.

கை வேலை

40 வாட் சோல்டரிங் அயன் எடுங்கள். 25 வாட்டை வைத்துப் பொட்டின் முதுகில் ஏர்த் பிடிக்கப் பார்த்தால், அது சூடாவதற்குள் பொட்டே கெட்டுவிடும். 60/40 ரெசின் சோல்டர் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் கையைக் கழுவுங்கள். பொட், ஸ்விட்ச், சோல்டர் எல்லாம் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிட்டால் வந்து சேரும். எதையும் கழற்றுமுன் போனில் நாலைந்து படம் எடுங்கள்.

கல்லடியில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். உப்புக் காற்றில் பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்யும் ஸ்க்ரூக்கள் துருவேறி இறுகிவிடும். தலை நொறுங்கும்வரை திருகாமல், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். துருவைத் தேய்க்கக் கம்பிப் பஞ்சைக் கிட்டாருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம். அதன் தூள் காந்தத்தில் ஒட்டினால் எடுக்கவே முடியாது.

உயரம்: கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து அளக்கும்போது, சாதாரண சிங்கிள் கொயிலுக்குத் தடித்த கம்பிப் பக்கம் 2 மில்லிமீற்றர், மெல்லிய பக்கம் 1.6 என்பதிலிருந்து தொடங்குங்கள். அல்நிகோவை இன்னும் மேலே தூக்கினால் காந்தம் கம்பியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி தள்ளாடும். டியூனரைக் குறை சொல்லும் பலருக்கு உண்மையில் இதுதான் பிரச்சினை.

என் ஆலயக் கிட்டாரில் இப்போது இருப்பது குழி முழுக்கச் செப்பு, நெக்கிலும் நடுவிலும் அல்நிகோ சிங்கிள் கொயில், பிரிட்ஜில் ரெயில். அடுத்த வாரம் கல்முனையிலிருந்து ஒரு தம்பி தன் கிட்டாரைக் கொண்டு வருகிறார், ஹம்பக்கர் வாங்கக் காசும் சேர்த்துவிட்டாராம். அதை அப்படியே வைத்திருக்கச் சொன்னேன். முதலில் அம்ப்பைப் போட்டு, கம்பியைத் தொட்டு, ஒரு சுற்றுத் திரும்பிப் பார்ப்போம்.