1851 நேவி கோல்ட்: எது அசல், உடைந்த பாகத்துக்கு எது பொருத்தம்?

பழைய ரிவால்வர் ஒன்று பரம்பரைச் சொத்தாக வந்து சேரும்போது, உடைந்த ஸ்பிரிங்குக்கு மாற்று எங்கே கிடைக்கும் என்றுதான் பெரும்பாலோர் முதலில் தேடுகிறார்கள். அது யார் செய்த துப்பாக்கி என்ற கேள்வி பிறகுதான் எழுகிறது. அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் செய்ததும், மிகுதியாகப் போலி செய்யப்பட்ட மாதிரிகளுள் ஒன்றுமான 1851 நேவி கோல்ட் ரிவால்வரைப் பொறுத்தவரை, இந்த வரிசை மாறினால் பணமும் போகும், பொருளும் கெடும்.

கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டில் 1850 முதல் 1873 வரை இந்த மாதிரியில் ஏறத்தாழ 2,15,000 துப்பாக்கிகளும், 1850களில் சில ஆண்டுகள் மட்டும் இயங்கிய லண்டன் ஆலையில் ஏறத்தாழ 42,000 துப்பாக்கிகளும் செய்யப்பட்டன. .36 காலிபர், ஏழரை அங்குல எண்கோணக் குழல், ஆறு அறைகள் கொண்ட சிலிண்டர், குதிரை, அதாவது சுத்தி, அடித்ததும் வெடிக்கும் சிறு செம்புக் கேப் வைத்துச் சுடும் முறை ஆகியவை இதன் அடையாளங்கள். ஆனால் இதே தோற்றத்தில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் பட்டறைகளும், நியூஜெர்சியின் மன்ஹாட்டன் நிறுவனமும், உள்நாட்டுப் போரின்போது தெற்கு மாநிலங்களின் ஆலைகளும், 1950களின் இறுதியிலிருந்து இத்தாலியின் கார்டோனே நகரத் தொழிற்சாலைகளும் துப்பாக்கி செய்தன. போதாக்குறைக்கு, 1971இல் கோல்ட் நிறுவனமே இதை மீண்டும் வெளியிட்டது.

எதை ஆராய்வதற்கும் முன்பு, அறைகள் காலியாக இருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். கேப் முறைத் துப்பாக்கிகளில் நூறாண்டுக்கு முன் இட்ட கருமருந்தும் ஈயக் குண்டும் அப்படியே இருப்பது அரிதன்று. கேப்கள் இருந்தால் அவற்றை நீக்கிவிட்டு, ஒவ்வோர் அறைக்குள்ளும் முன்பக்கமாக மெல்லிய மரக்குச்சியை விட்டு, உள்ளே போகும் ஆழத்தைச் சிலிண்டரின் வெளி நீளத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மருந்து இருப்பதாகச் சந்தேகம் வந்தால் மேற்கொண்டு தொடாமல் துப்பாக்கிகளைச் செப்பனிடும் துப்பாக்கித் தச்சரிடம் ஒப்படைப்பதே முறை.

அடையாளம் காண்பதில் இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன: வரிசை எண்ணை நம்புவது ஒன்று, முத்திரைகளையும் கட்டமைப்பையும் நம்புவது மற்றொன்று. எண் கவர்ச்சியானது. அசல் கோல்ட்டில் குழலின் அடிப்பகுதி, சட்டம் (பாகங்களைத் தாங்கும் நடு உடல்), விசைக் காப்பு, கைப்பிடியின் அடி ஆகியவற்றில் ஒரே எண் இருக்கும். சிலிண்டரிலும், குழலைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆப்பிலும் அதன் இறுதி இலக்கங்கள் காணப்படும். இவை ஒத்துப்போனால் பாகங்கள் மாற்றப்படவில்லை என்று கொள்ளலாம். ஆனால் அது 19ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிதான் என்பதற்கு எண் சாட்சியாகாது. 1971 வெளியீட்டின் எண்கள் 4201இலிருந்தே தொடங்கியதால், எண்ணை மட்டும் பட்டியலில் தேடுபவர் அதை 1850களின் துப்பாக்கி என்று எளிதில் நினைத்துவிடுவார். ஆகவே என் வாக்கு முத்திரைகளுக்கே.

இத்தாலியப் பிரதியில் நட்சத்திரம் சூடிய மகுடத்தின் கீழ் பி, என் என்ற எழுத்துகளும், சிறு கட்டத்துக்குள் ஆண்டைக் குறிக்கும் ரோமன் எண்ணோ எழுத்துகளோ இருக்கும். ஏமாற்ற நினைப்பவர்கள் இவற்றை அரத்தால் ராவி அழித்துவிடுவதுண்டு என்பதால், குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலைத் தாழ்த்தி, அதன் மறைவிலுள்ள பரப்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முத்திரை இருந்த இடத்தில் உலோகம் இலேசாகக் குழிந்து, சுற்றியுள்ள பளபளப்போடு ஒட்டாமல் தெரியும். சிலிண்டரில் உள்ள கடற்போர்ச் சித்திரம் இந்த வகையில் உதவாது. 1843 மே 16 அன்று டெக்சாஸ் கடற்படை மெக்சிகோவுடன் மோதிய காட்சியை ஆர்ம்ஸ்பி என்ற செதுக்குக் கலைஞர் கோல்ட்டுக்காக வரைந்தார். இத்தாலியர்களும் அதையே உருட்டிப் பதிக்கிறார்கள். மாறாக, கோல்ட் இந்த மாதிரியைப் பித்தளைச் சட்டத்திலோ .44 காலிபரிலோ ஒருபோதும் தயாரித்ததில்லை என்ற ஒரு செய்தியே பல சந்தேகங்களைத் தீர்த்துவிடும்.

பித்தளைச் சட்டத்தைக் கண்டதும் இத்தாலியப் பிரதி என்று முடிவு கட்டவும் கூடாது. ஜார்ஜியா மாநிலத்தின் கிரிஸ்வால்ட்வில்லில் 1862 முதல் 1864 வரை கிரிஸ்வால்ட் அண்ட் கன்னிசன் ஆலை பித்தளைச் சட்டமும் உருண்டைக் குழலும் கொண்டு சுமார் 3,700 ரிவால்வர்களைச் செய்தது. 1864 நவம்பரில் வடபடையின் குதிரைப்படை அந்த ஆலையை எரித்தது. அவை அரியவை, விலை மிக்கவை; ஆகவேதான் இத்தாலியப் பாகங்களைக் கொண்டு அவற்றைப் போலி செய்வோரும் உண்டு. மற்றவற்றை விரைவில் பிரித்தறியலாம்: லியேஜ் துப்பாக்கியில் முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ, எல், ஜி எழுத்துகள் இருக்கும், 1893க்குப் பிறகு அதன் மேல் மகுடம் ஏறும், மன்ஹாட்டனில் பெரும்பாலும் ஐந்தே அறைகள், லண்டன் கோல்ட்டின் குழலில் கர்னல் கோல்ட், லண்டன் என்ற முகவரி பொறித்திருக்கும்.

பாகங்களைத் தேடுவதில் மூன்று வழிகள் உண்டு: வேறொரு பழைய கோல்ட்டிலிருந்து கழற்றிய அசல் பாகம், இத்தாலியப் பிரதிக்கென்று செய்யப்படும் புதிய பாகம், தச்சர் கையால் செய்து தரும் பாகம். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்தப் பாகம், எந்தத் துப்பாக்கிக்கு என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

அசல் பழைய பாகத்தின் பெரும் பலம் மரை. கோல்ட்டின் மரைகள் அங்குல அளவின. இத்தாலியப் பிரதிகளுடையவை மெட்ரிக் அளவின. இத்தாலியத் திருகாணி ஒன்று இரண்டு சுற்று ஏறிவிட்டதென்று நம்பி மேலும் முறுக்கினால், பழைய இரும்புச் சட்டத்தின் உள்மரை நைந்துபோகும். அதைச் சரிசெய்வது, முதலில் தொலைந்த திருகாணியின் விலையைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும். எனவே திருகாணிக்கும், எண்ணில்லாத பிற சிறு பாகங்களுக்கும் அசலையே தேட வேண்டும். டென்னசியின் யூனியன் சிட்டியில் 1954 முதல் இயங்கும் டிக்ஸி கன் வொர்க்ஸ் போன்ற கடைகளும், பழம்பொருள் சந்தைகளும் இதற்கு ஏற்ற இடங்கள். எண் பதித்த ஆப்பு, சிலிண்டர் ஆகியவற்றில் நிலைமை வேறு: வேறு எண் கொண்ட அசல் ஆப்பு துப்பாக்கியைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் கூர்ந்து நோக்கும் சேகரிப்பாளர் அதைக் கண்டுகொள்வார், விலையும் இறங்கும். அந்த ஆப்பைத் திரும்ப எண் பொறித்து ஒப்பனை செய்வது நேர்மையல்ல.

ஸ்பிரிங் விஷயத்தில் நான் அசலுக்கு எதிராகவே நிற்கிறேன். அதிகம் உடைபவை இரண்டு: சிலிண்டரைச் சுற்றிவிடும் நாக்கில் பொருத்திய மெல்லிய இலை ஸ்பிரிங் ஒன்று, விசையையும் சிலிண்டரை நிறுத்தும் கொக்கியையும் ஒருசேர அழுத்தும் இருகால் தட்டை ஸ்பிரிங் மற்றொன்று. ஒன்றரை நூற்றாண்டாக வளைந்து வளைந்து ஓய்ந்துபோன இன்னொரு ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டால், அது எப்போது முறியும் என்று எவராலும் சொல்ல முடியாது. இங்கே கைவினைப் பாகமே மேல். நல்ல தச்சர் ஸ்பிரிங் எஃகை நீளவாக்கில்தான் ராவுவார். குறுக்குவாட்டில் விழும் அரக்கோடு ஒவ்வொன்றும் பின்னாளில் விரிசல் தொடங்கும் இடம். பிறகு சூடாக்கி எண்ணெயில் தோய்த்து, மீண்டும் இளஞ்சூட்டில் பதம் இறக்குவார். காலமும் கூலியும் கூடுதல்தான், ஆனால் அந்தத் துப்பாக்கிக்கென்றே அளவெடுத்த பொருள் அது.

இத்தாலியப் பாகம் மலிவானது, உடனே கிடைப்பது. இத்தாலியத் துப்பாக்கிக்கு அதுவே நேரான தேர்வு. அப்போதும் செய்த நிறுவனம் உபெர்டியா, பியெட்டாவா என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும், ஒன்றின் பாகம் மற்றதில் அப்படியே அமராது. அசல் கோல்ட்டில் மரை இல்லாத பாகத்தை, அதாவது நாக்கையோ தட்டை ஸ்பிரிங்கையோ, தற்காலிகமாகப் பயன்படுத்தலாம். ஆனால் பொருந்தாத இடத்தில் புதிய பாகத்தைத்தான் ராவ வேண்டுமே தவிர, சட்டத்திலோ குதிரையிலோ அரம் படக் கூடாது.

அரசு விதிகளைப் பொறுத்தவரை, அமெரிக்கக் கூட்டாட்சியின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கியைப் பழம்பொருளாக வைத்துப் பேசுகிறது. மாநிலங்களின் விதிகள் வேறுபடும் என்பதால் பாகம் வாங்குமுன் அவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த வழியில் பாகம் மாற்றினாலும், கழற்றிய உடைந்த துண்டை எண்ணெய் பூசிய காகிதத்தில் சுற்றி, என்ன மாற்றப்பட்டது, எப்போது என்ற குறிப்போடு துப்பாக்கியுடனேயே வைக்க வேண்டும். விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.