மிஸ்ஸியம்மா (1955): மொரீஷியஸில் பார்க்கும்போது

எல். வி. பிரசாத் இயக்கிய 'மிஸ்ஸியம்மா' 1955 பொங்கலுக்கு வெளிவந்த படம். ஜெமினி கணேசன், சாவித்திரி, எஸ். வி. ரங்காராவ், ஜமுனா, தங்கவேலு, சாரங்கபாணி, நம்பியார் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. ஆள்மாறாட்டத்தை வைத்துப் பின்னிய காதல் கதைகளில் இதை மிஞ்சிய ஒன்று தமிழில் இன்னும் வரவில்லை என்பதே எங்கள் கட்சி. ஆனால் படத்தின் முடிவைப் பற்றி ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. அந்த வழக்கு சென்னையைவிட மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் உரக்க நடக்கும்.

முதலில் கதை. காணாமல் போன மூத்த மகள் மகாலட்சுமியின் பெயரில் ஒரு ஜமீன்தார் கிராமத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிறார். அதற்கு ஆசிரியர்கள் தேவை, கணவன் மனைவியாக இருக்கும் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்று விளம்பரம் வருகிறது. பாலு வேலை தேடி அலையும் பட்டதாரி. மேரி படித்த கிறிஸ்தவப் பெண். அவள் வீட்டார் டேவிட் என்பவனிடம் கடன்பட்டிருக்கிறார்கள். அவனோ கடனைச் சாக்கிட்டு அவளையே கேட்கிறான். பணம் இருவருக்குமே வேண்டும். ஆகவே புருஷன் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் நுழைகிறார்கள். அந்த மேரிதான் தொலைந்துபோன மகாலட்சுமி. இதை இங்கே போட்டு உடைத்துவிட்டோமே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கவனமாகப் பார்ப்பவர் எவரும் பாதிப் படத்துக்குள் ஊகித்துவிடுவார். கடைசியில் தூக்கிப்போட வேண்டும் என்ற எண்ணம் படத்துக்கும் இல்லை.

இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கவிழும். நாயகன் நாயகியை ஏமாற்றுவான், பணக்காரன் என்பான், வேறு பெயர் சொல்வான். உண்மை தெரிந்ததும் அவள் அழுவாள். பிறகு ஒரு பாட்டுக்குள் மன்னித்தாக வேண்டும், இல்லாவிட்டால் படம் முடியாது. அந்த மன்னிப்பை யாராலும் நம்பும்படி எழுத முடிவதில்லை. மிஸ்ஸியம்மா இந்தப் பள்ளத்தில் விழாததற்குக் காரணம், பொய் சொல்கிறவர்கள் இருவருமே கூட்டாளிகள். ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல வாயில்லை. ஏமாறுகிறவர்கள் ஜமீன்தாரும் அவர் மனைவியும். பிள்ளைகளைப் போல இவர்களை நடத்தும் நல்ல மனிதர்கள். அவர்கள் காட்டும் அன்பு ஏற ஏறப் பொய்யின் பாரமும் ஏறுகிறது. மிரட்டிக் காரியம் சாதிக்கும் வில்லன் கதைக்குத் தேவையே இல்லை. டேவிடாக வரும் நம்பியாரும் பயமுறுத்துவதைவிடச் சிரிக்க வைப்பதுதான் அதிகம்.

திரைக்கதை இறுகும் விதத்தைப் பாருங்கள். முதலில், ஊருக்காகச் சேர்ந்து குடியிருக்க வேண்டும். உள்ளே வந்தால் ஆளுக்கொரு மூலை. அடுத்து, ஜமீன்தாரின் இளைய மகள் சீதாவுக்குப் பாலு பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறான். மேரிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அவள் நிஜ மனைவி இல்லையே, எந்த உரிமையில் கோபிப்பது? வெளியாருக்கு அவள் கோபம் இயல்பானது, மனைவிக்கு வரக்கூடிய கோபம். அவளுக்கு மட்டும்தான் அது புரியாத கோபம். படத்தின் மிக நேர்த்தியான முடிச்சு இதுவே. பிறகு வளைகாப்புக்கு நாள் பார்க்கிற அளவுக்கு வீட்டார் போய்விடுகிறார்கள். அதுவரை வாயால் சமாளித்த பொய்யை அதற்குமேல் வாயால் சமாளிக்க முடியாது. ஒவ்வொரு திருப்பமும் முந்தைய பொய்யின் வட்டியாக வருகிறதே தவிர, தற்செயலாக வந்து விழுவதில்லை. தற்செயல் என்று இருப்பது ஒன்றே ஒன்று, காணாமல் போன பெண் தன் வீட்டுக்கே வேலைக்கு வருவது. அதை ஆரம்பத்திலேயே வைத்துவிட்டதால் உறுத்தவில்லை.

நடிப்பில் சாவித்திரிக்கே முதல் இடம். மேரி வேடத்துக்கு முதலில் தேர்வானவர் பானுமதி. தயாரிப்பாளர் சக்கரபாணியோடு ஏற்பட்ட மனத்தாங்கலில் அவர் விலக, தங்கை வேடத்துக்கு வந்திருந்த சாவித்திரி மேலே போனார், தங்கையாக ஜமுனா வந்தார். சிடுசிடுப்பு அலுக்காமல் மூன்று மணி நேரம் நிற்பது சுலபமில்லை. சாவித்திரி அதைக் கண்ணால் சாதிக்கிறார். வாய் சுள்ளென்று பேசும்போதே பார்வை அரை நொடி பாலுவிடம் தங்கிவிட்டுத் திரும்பும். ஜெமினி கணேசன் எதிர்த்து மல்லுக்கு நிற்காமல் தளர்வாக விட்டுக்கொடுத்து நடித்திருப்பது அவருக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. ஜமீன்தாராக வரும் ரங்காராவைப் பற்றி என்ன சொல்ல! பெரிய உருவம், குழந்தை மனசு. துப்பறியும் கிறுக்கோடு மகாலட்சுமியைத் தேடும் ஜமீன்தாரின் உறவுக்காரப் பையன் ராஜுவாகத் தங்கவேலு. காலில் உள்ள மச்சம் வரை போகும் அந்த விசாரணைதான் கதையின் சாவி, அதை ஒரு கோமாளி கையில் கொடுத்திருக்கிறார்கள். தெலுங்கில் இந்த வேடத்தை நாகேஸ்வர ராவ் செய்தார். தமிழில் தங்கவேலுவின் பேச்சுக்கு ஏற்றபடி நகைச்சுவை கூடியிருக்கிறது.

பாட்டுகளுக்கு எஸ். ராஜேஸ்வர ராவ் இசை, தஞ்சை ராமையா தாஸ் வரிகள். 'வாராயோ வெண்ணிலாவே' தெரியாத தமிழ் வீடு குறைவு. ஆனால் தனிப்பாட்டாகக் கேட்பது வேறு, படத்துக்குள் பார்ப்பது வேறு. ஏ. எம். ராஜாவும் பி. லீலாவும் பாடும்போது ஜெமினியும் சாவித்திரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதில்லை, நிலாவிடம் முறையிடுகிறார்கள். அவன் சொல்கிறான், மனைவி பிடிவாதக்காரி என்று. அவள் சொல்கிறாள், கணவனின் நேசமெல்லாம் வெளிவேஷம் என்று. சண்டையிலும் இருவரும் கணவன் மனைவி என்ற வேடத்தைக் கலைக்கவில்லை. வேடம் எங்கே முடிகிறது, மனசு எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்கே தெரியாத இடம் அது. மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு கறுப்பு வெள்ளையில் நிலவொளியைக் கொட்டுகிறது. இந்தப் பாட்டை ஓட்டிவிட்டுப் பார்ப்பவர் படத்தைப் பாதிதான் பார்த்தவர். 'பிருந்தாவனமும் நந்தகுமாரனும்' இனிமையில் இதற்குக் குறைந்ததில்லை. லீலா பாடிய 'எனை ஆளும் மேரி மாதா' பற்றிக் கொஞ்சம் கீழே.

இப்போது அந்த வழக்கு. இந்துப் பையனும் கிறிஸ்தவப் பெண்ணும் காதலிக்கிறார்கள். தடையை எப்படி நீக்குவது? பெண் பிறப்பால் இந்து என்று கண்டுபிடித்துவிட்டால் தடையே இல்லை! 1955இல் அதற்குமேல் துணிந்திருக்க முடியாது என்று சமாதானம் சொல்வார்கள், சொல்லட்டும். ஆனால் இரண்டரை மணி நேரம் துணிச்சலாக நடந்த படம் வாசலில் வந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவது போலத்தான் எங்களுக்குப் படுகிறது.

மொரீஷியஸில் இது வெறும் கதைப் பிரச்சினை இல்லை. பிரெஞ்சுக்காரர் லபூர்தோனே ஆளுநராக இருந்த 1730களிலும் 40களிலும் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்கள் இங்கே வந்தார்கள். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் வேர் இந்த மண்ணில் அவ்வளவு பழையது. போர்ட் லூயிஸை ஒட்டிய சேந்த் குருவாவில் கைலாசநாதர் கோவிலும் கத்தோலிக்கப் பாதிரியார் பெர் லாவாலின் கல்லறையும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. செப்டம்பரில் கல்லறைக்கு நடக்கிற கூட்டத்தில் காவடி எடுத்த கால்களும் உண்டு. பக்கத்துத் தீவான ரீயூனியனிலோ பதிவேட்டில் ஒரு பெயர், கோவிலில் ஒரு பெயர் என்று வாழ்கிற குடும்பங்கள் ஏராளம். மேரி என்ற பெயரும் மகாலட்சுமி என்ற பெயரும் ஒரே ஆளுக்கு இருப்பது இந்தத் தீவுகளில் ஆள்மாறாட்டமே இல்லை, அன்றாடம். ஆகவே மேரி மறைந்து மகாலட்சுமி மட்டும் மிஞ்சுகிற முடிவைப் பார்த்து, படம் பார்க்கிறவர்களில் யாராவது ஒருவர் முகம் சுளித்தால் அதில் நியாயம் இருக்கிறது.

படத்துக்காக ஒன்று பேச வேண்டும். மேரியின் பக்தியை எந்த இடத்திலும் கேலி செய்யவில்லை. மாதாவை நோக்கிப் பாடும் அந்தப் பாட்டு, இந்துப் பெண்ணாக நடித்துக்கொண்டிருப்பவள் தன் உண்மையான முகத்தோடு இருக்கும் நேரம். இயக்குநர் அதை ஒரு பூஜைக்குரிய மரியாதையோடு எடுத்திருக்கிறார். வளர்த்த கிறிஸ்தவப் பெற்றோரும் நல்லவர்களாகவே வருகிறார்கள். கேலிக்கு உள்ளாகிறவன் டேவிட் ஒருவனே, அதுவும் அவன் செய்கிற அட்டூழியத்துக்காக.

எந்தப் பிரதியைப் பார்ப்பது என்பதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். படத்தின் பெயரிலேயே ஆள்மாறாட்டம் இருக்கிறது. தெலுங்குப் படத்தின் பெயர் 'மிஸ்ஸம்மா'. அதே ஆண்டு, அதே நிறுவனம், அதே இயக்குநர், அதே சாவித்திரி. தேடும்போது ஓர் எழுத்து பிசகினால் அதுதான் வந்து நிற்கும். நாயகனாக என். டி. ராமாராவ் வந்தால் தெலுங்கு என்று தெரிந்துகொள்ளலாம். 2003இல் அதே பெயரில் தொடர்பே இல்லாத இன்னொரு தெலுங்குப் படமும் உண்டு. 1957இல் வந்த 'மிஸ் மேரி' இந்தி, அதில் ஜெமினியோடு மீனா குமாரி. தெலுங்குக் குடும்பங்களோடு உகாதிக்குச் சேர்ந்து பார்ப்பதென்றால் தெலுங்குப் படத்தையே போடலாம், ரங்காராவும் ஜமுனாவும் அதிலும் இருக்கிறார்கள். ஆனால் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். போட்ட பிறகு மாற்றினால் இரண்டு பக்கமும் முணுமுணுக்கும்.

முழுப்படம் ஏறக்குறைய 3 மணி நேரம். இணையத்தில் கிடைக்கும் பிரதியின் நீளத்தைப் போடுவதற்கு முன் பாருங்கள். 2 மணி 40 நிமிடத்துக்குக் கீழே இருந்தால் பாட்டுகளில் கத்தரி விழுந்திருக்கிறது என்று அர்த்தம், வேறு பிரதி தேடுவதே மேல். அந்தக் காலப் படம் சதுரத்துக்குப் பக்கமான சட்டத்தில் எடுக்கப்பட்டது. அகலத் திரைத் தொலைக்காட்சி அதை இழுத்து நிரப்பப் பார்க்கும். முகங்கள் பூசணிக்காய் ஆகிவிடும். படத்தின் அளவை 4:3 என்று வைத்தால் இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை வரும், அதுவே சரி. பெரிதாக்கி நிரப்பும் வசதியைத் தொடவே கூடாது, மேலேயும் கீழேயும் வெட்டி, நிற்கிறவர்களின் நெற்றியைக் கொண்டுபோய்விடும்.

ஒலி ஒரே தடத்தில் பதிவானது. தொலைக்காட்சியில் 'சரவுண்ட்' போட்டால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். பேச்சுக்கென்று உள்ள அமைப்பை வையுங்கள், கனத்த ஒலியைக் குறைத்து நடு ஒலியைக் கொஞ்சம் கூட்டுங்கள். கோவில் மண்டபத்தில் போடுவதாக இருந்தால் நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி வைக்கும் பழக்கம் இந்தப் படத்துக்கு ஆகாது. பளிங்குத் தரையும் வெறுஞ்சுவரும் எதிரொலிக்க, தங்கவேலுவின் வேகப் பேச்சு ஒன்றும் விளங்காது. திரைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, காது உயரத்தில், போதும். இடைவேளை 85ஆவது நிமிடத்தை ஒட்டி, ஒரு பாட்டு முடிந்த கையோடு விடுங்கள். அதற்குமேல் இழுத்தால் பெரியவர்களுக்கு முதுகு வலி, பிள்ளைகளுக்குப் பசி.

துணையுரைதான் (சப்டைட்டில்) பெரிய குறை. கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில், பாட்டு வந்ததும் பல பிரதிகளில் அதுவும் நின்றுவிடுகிறது. கதையின் பாதி பாட்டில் நடக்கும் படத்துக்கு இது பெரிய இழப்பு. வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசும் இளையவர்களுக்கு 'வாராயோ வெண்ணிலாவே', 'எனை ஆளும் மேரி மாதா' இரண்டின் சாரத்தையாவது முன்கூட்டி அரைப் பக்கம் கிரியோலில் எழுதிக் கொடுத்துவிட்டால் படம் கைக்குள் வந்துவிடும். 'முடியுமென்றால் படியாது' பாட்டை விளக்க முயல வேண்டாம், சொல் விளையாட்டு பெயர்த்தால் உதிர்ந்துவிடும், தாளத்துக்கே சிரிக்கட்டும்.

எச்.எஸ்.சி. என்ற மேல்நிலைப் பள்ளித் தேர்வுக்குத் தமிழ் படிக்கிறவர்களுக்கு வசனத் தமிழ் நல்ல பயிற்சி. அடுக்குமொழி முழக்கம் இல்லை, ஒவ்வொரு சொல்லும் தெளிவு. ஊர் முன்னிலையில் மேரி பாலுவிடம் பேசுவதையும், கதவு சாத்திய பிறகு பேசுவதையும் அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டிக் காட்டினால், மரியாதை, கிண்டல், எரிச்சல் மூன்றையும் தமிழ் எப்படிக் குரலிலேயே மாற்றுகிறது என்பது காதில் ஏறும். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை உட்கார வைக்க வேண்டாம். சாரங்கபாணி வரும் காட்சிகளுக்குச் சிரிப்பார்கள், மற்ற நேரம் ஓடிக்கொண்டே இருப்பார்கள். வேகமான வெட்டுகளுக்குப் பழகிய கண்ணுக்கு முதல் அரைமணி மந்தமாகத் தெரியும். கிராமத்துக்கு வந்து சேரும்வரை பொறுக்க முடியாதவர்கள், தாராளமாக அந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.