பூனை கத்துவதைக் கேட்க மூன்று வருடம்: ராஸ்பெரி பை 400 திரையை வீடியோ வகுப்பில் காட்டிய கதை

எங்கள் வீட்டில் ‘பை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அம்மா “பை எங்கே?” என்று கேட்டால், காசிமேட்டுக்கு மீன் வாங்கப் புறப்படுகிறார். பத்து மணிக்கு நான் கேட்டால் வகுப்பு தொடங்கப்போகிறது. என் பை, ராஸ்பெரி பை 400.

பார்ப்பதற்கு வெறும் விசைப்பலகை. அதற்குள்ளேயே முழுக் கணினியும் இருக்கிறது: 1.8 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 4 ஜிபி நினைவகம். பின்புறம் மானிட்டர் மாட்ட இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகள், மூன்று யுஎஸ்பி, எல்இடி விளக்குகளையும் சென்சார்களையும் இணைக்க 40 ஊசிகள். மின்விசிறி இல்லை, உள்ளே பெரிய உலோகத் தகடு ஒன்று சூட்டை வாங்கிக்கொள்கிறது. மே மாதத்து மொட்டைமாடி அறையிலும் அது என்னைவிட நிதானமாகவே இருந்திருக்கிறது. 2020 நவம்பரில் வெளிவந்த இதை நான் மறு ஆண்டு வாங்கினேன். இதில் ஹெட்போன் துளை கிடையாது. வாங்கும்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் என்னைப் பாடாய்ப்படுத்தியது அதுதான்.

வார நாட்களில் பாரிமுனையில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டையார்பேட்டை வீட்டிலிருந்து ஐந்து பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் (கட்டளைக் கட்டங்களை அடுக்கித் திரையில் ஒரு பூனையை ஆட்டுவிக்கும், பிள்ளைகளுக்கான நிரல் மொழி), கொஞ்சம் பைத்தான் (வரி வரியாகத் தட்டி எழுதும் நிரல் மொழி), விளக்கு எரியவைப்பது என்று சொல்லிக்கொடுக்கிறேன். பொதுமுடக்கக் காலத்தில் தொடங்கியது இது. எல்லாம் திறந்த பிறகு நேரிலேயே நடத்தலாம் என்று பார்த்தால் பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். ஒருத்தி திருவொற்றியூர். இரண்டு பேர் எண்ணூர். கால்வாய் ஓரத்தில் குடியிருந்த ஒருவனின் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஐந்தாமவன் என் அக்கா மகன், மஸ்கட்டில் இருக்கிறான். பெரும்பாக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பையன் பஸ் மாறி மாறித் தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்வதற்குள் வகுப்பே முடிந்துவிடும். ஆகவே வீடியோ அழைப்பு நிரந்தரமாகிவிட்டது.

முதல் ஒரு வருடம் பையிலிருந்தே அழைப்பில் சேர்ந்து, பையிலிருந்தே திரையைப் பகிர்ந்தேன். பிரபலமான அழைப்புச் செயலிகள் சிலவற்றுக்கு இந்த வகை ப்ராசஸரில் ஓடும் லினக்ஸ் பதிப்பு இல்லை. குரோமியம் உலாவி வழியாகத்தான் போக வேண்டும். அங்கே படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலை பெரும்பாலும் ப்ராசஸரின் தலையில் விழுகிறது. ஒரு பக்கம் ஸ்கிராட்ச் ஓடுகிறது, மறுபக்கம் ஐந்து பேரின் முகங்கள் வந்து இறங்குகின்றன, நடுவில் திரையும் வெளியே போக வேண்டும். அடுப்படியில் நிற்பவரையே பந்தியும் பரிமாறச் சொன்னது போலத்தான். ஸ்கிராட்ச் பூனை ஈர மணலில் கால் புதைந்தது போல நடந்தது.

அந்த நாட்களில் திருவொற்றியூர்ப் பெண், “அக்கா, மேல் மூலையில் சின்னக் கட்டம் ஒன்று வந்து வந்து போகிறதே, அதை எந்தப் பெட்டியில் எடுத்தீர்கள்?” என்று கேட்டாள். அதுவும் ஸ்கிராட்ச் பாத்திரம் என்று நினைத்துவிட்டாள். மின்னழுத்தம் போதவில்லை என்று பை காட்டும் எச்சரிக்கை அது. நான் கைப்பேசி சார்ஜரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். 5.1 வோல்ட், 3 ஆம்பியர் கொடுக்கும் அதற்கே உரிய அடாப்டரை வாங்கிய பிறகு அந்தக் கட்டம் போனது, வேகமும் கொஞ்சம் கூடியது. ஆனாலும் பூனை கத்துவது யாருக்கும் கேட்கவில்லை. லினக்ஸில் குரோமியம் முழுத் திரையைப் பகிரும்போது கணினியின் ஒலியைக் கூடவே அனுப்புவதில்லை; உலாவித் தாவல் ஒன்றைப் பகிர்ந்தால் அதன் ஒலி மட்டும் போகும். என் ஸ்கிராட்ச் தனிச் செயலி, தாவல் அல்ல. ஸ்கிராட்சை ஓடவைக்கும் பச்சைக் கொடியை அழுத்தியதும் பூனை வாயைத் திறக்கும், பிள்ளைகள் அதற்குப் பதிலாக “மியாவ்” என்று தாங்களே கத்திக்கொள்வார்கள்.

அடுத்தது விஎன்சி. பையின் திரையை வீட்டு வைஃபை வழியாக மடிக்கணினியில் ஒரு சாளரமாகத் திறந்து, அந்தச் சாளரத்தை அழைப்பில் பகிர்வது. 1990களில் கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வகத்தில் பிறந்த ஏற்பாடு இது. பையும் கேம்பிரிட்ஜ்காரன் என்பதால் உறவு பொருந்தும் என்று நம்பினேன். விஎன்சி முழுத் திரையையும் ஒவ்வொரு முறையும் அனுப்புவதில்லை. மாறிய செவ்வகங்களை மட்டும் அனுப்பும். அதனால் பைத்தான் வகுப்புக்கு அது அருமை: ஒரு வரி தட்டினால் அந்த ஒரு வரி மட்டும் போகிறது, எழுத்து கத்தி போலத் தெரிகிறது. பூனை திரை முழுக்கத் துள்ளும்போதுதான் மூச்சு வாங்கும். வைஃபையை விட்டு ஈதர்நெட் கேபிள் போட்டதும் அதுவும் பாதி தீர்ந்தது. ஒலி? விஎன்சி படத்தைத்தான் சுமக்கும். ஹெட்போன் துளை இருந்திருந்தால் ஒலியைத் தனிக் கேபிளில் மடிக்கணினிக்குக் கொண்டுபோயிருக்கலாம்.

இருந்தாலும் 2023 இறுதி வரை அதிலேயே ஓட்டினேன். அந்த அக்டோபரில் பையின் இயங்குதளமான ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் புக்வோர்ம் பதிப்பு வந்தது. திரையை வரைகிற அடித்தளமே எக்ஸ்11-லிருந்து வேலண்டுக்கு மாறியது. அதுவரை கூடவே வந்த விஎன்சி சேவைக்குப் பதிலாக வேவிஎன்சி என்ற வேறொன்று அமர்ந்தது. புத்தியுள்ள எவரும் வகுப்புக்கு முந்தைய இரவு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ மாட்டார்கள். நான் நிறுவினேன். காலையில் மடிக்கணினியில் இருந்த பழைய பார்வைச் செயலி பையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. டைகர்விஎன்சி என்ற வேறு பார்வைச் செயலியைப் போட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. அது எனக்குத் தெரிய வந்தது திங்கட்கிழமை மாலை. அன்று ஒரு வெள்ளைத் தாளில் பூனை வரைந்து கேமரா முன் பிடித்து வகுப்பு எடுத்தேன்.

அந்த எரிச்சலில்தான் ரிச்சி தெருவுக்குப் போய் எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு ஒன்று வாங்கினேன். கட்டைவிரல் அளவு. ஒரு முனையில் பையின் எச்டிஎம்ஐ, மறுமுனை மடிக்கணினியின் யுஎஸ்பியில். மடிக்கணினி அதை ஒரு வெப்கேம் என்றே நினைத்துக்கொள்ளும், தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். பையைப் பொறுத்தவரை இன்னொரு மானிட்டர் மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். படம் சுருக்குவது, அனுப்புவது எதுவும் அதன் கவலை இல்லை. என் மூன்று வருட அலைச்சலுக்கு விடை இந்த இடத்தில்தான் இருந்தது. சின்னக் கணினியை அதன் வேலையைச் செய்யவிட்டு, காட்டும் வேலையை வேறொன்றிடம் கொடுத்துவிட வேண்டும்.

கார்டின் அட்டையில் ‘4கே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே வரும் 4கே சமிக்ஞையை அது ஏற்கும் என்பதுதான் அதன் அர்த்தம். வெளியே தருவது அதைவிடக் கூர்மை குறைந்த 1080 வரைதான். யுஎஸ்பி 2.0 வழியாக அவ்வளவு படம் அப்படியே போகாது என்பதால் ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காகச் சுருக்கித் தள்ளுகிறது. இதைச் சொல்லாமல் விற்ற கடைக்காரர், மைக்ரோ எச்டிஎம்ஐ கேட்டதற்கு மினி எச்டிஎம்ஐ கேபிளையும் கொடுத்து அனுப்பினார். கடையின் பெயர் வேண்டாம். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாங்கும்போது விசைப்பலகையைக் கையோடு எடுத்துப்போய்ச் செருகிப் பாருங்கள்.

முதல் நாள் கார்டை நேரடியாகக் கேமராவாகவே தேர்ந்தெடுத்தேன். என் திரையில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல வலமிடமாகத் தெரிந்தது. பதறிப்போய் அமைப்புகளைத் துழாவிப் படத்தைத் திருப்பிவிட்டேன். எனக்குச் சரியாகத் தெரிந்தது. எண்ணூர்ப் பையன் அமைதியாகக் கேட்டான்: “அக்கா, இது எந்த மொழி?” நம் கேமராவை நமக்கு மட்டும் கண்ணாடி போலக் காட்டுவது அழைப்புச் செயலிகளின் வழக்கம், மற்றவர்களுக்கு முதலிலிருந்தே நேராகத்தான் போயிருக்கிறது. நான் திருத்தியதுதான் கெடுத்தது.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கேமரா என்று சொல்லி அனுப்பினால் செயலி அதை மனித முகமாக நடத்துகிறது: அசைவு தடைபடக்கூடாது, கூர்மை போனால் போகட்டும். நெட் கொஞ்சம் தள்ளாடினால் எழுத்துகள் மழையில் நனைந்த சுவரொட்டி ஆகிவிடும். திரைப் பகிர்வு என்று அனுப்பினால் கணக்குத் தலைகீழ்: அசைவு குறைந்தாலும் எழுத்து தெளிவாக இருக்க வேண்டும். நாங்கள் பயன்படுத்தும் ஜிட்சி என்ற அழைப்புச் செயலியில் திரைப் பகிர்வுக்கு இயல்பு அமைப்பு வினாடிக்கு 5 படங்கள்தான். எழுத்துக்கு அது தாராளம், பூனைக்கும் போதும். எனவே இப்போது மடிக்கணினியில் ஓபிஎஸ் என்ற வீடியோப் பதிவுச் செயலியில் கார்டின் படத்தைத் திறந்து, அந்தச் சாளரத்தைத் திரையாகப் பகிர்கிறேன்.

மடிக்கணினியில் தெரியும் படத்தைப் பார்த்துக்கொண்டே பையின் மவுஸை நகர்த்த முயலாதீர்கள். கண் சிமிட்டும் நேரம்தான் தாமதம். ஆனால் கை ஓரிடத்திலும் கண் வேறிடத்திலுமாகத் தலை சுற்றும். பையில் இரண்டு துளைகள் இருப்பது இங்கே உதவுகிறது. ஒன்று என் மானிட்டருக்கு, மற்றது கார்டுக்கு, இரண்டிலும் ஒரே படம். வேலண்டில் இந்த இரட்டைப் படத்துக்குச் சுற்றிவளைக்க வேண்டியிருந்ததால் அமைப்புக் கருவியில் போய் எக்ஸ்11-க்கே திரும்பிவிட்டேன். அங்கே ஒற்றை வரிக் கட்டளையில் முடிகிறது. இரண்டையும் 1280×720-க்கு இறக்கி, எழுத்தளவை 20 ஆக்கியிருக்கிறேன். மஸ்கட்காரனைத் தவிர எல்லோரும் கைப்பேசியில் பார்க்கிறவர்கள், அதுவும் அப்பாவின் கைப்பேசி. 1080-இல் அனுப்பிப் பெருமைப்பட ஆளில்லை.

இனி பூனையின் குரல். எச்டிஎம்ஐ வழியாக ஒலியும் கார்டுக்கு வந்துவிடுகிறது, மடிக்கணினி அதை ஒரு மைக்காகக் காட்டுகிறது. அழைப்பில் அதை மைக்காகத் தேர்ந்தால் பூனை பேசும், நான் ஊமை. என் மைக்கைத் தேர்ந்தால் பழைய கதை. பல வாரம் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தேன். பிறகுதான் தோன்றியது: அழைப்பில் ஒருவராகத்தான் சேர வேண்டும் என்று யார் சொன்னது? இன்னொரு உலாவியைத் திறந்து, அதே அறைக்குள் ‘பூனை’ என்ற பெயரில் இரண்டாவது ஆளாகச் சேர்ந்தேன். பூனைக்கு மைக் கேப்சர் கார்டு, அது பகிர்வது ஓபிஎஸ் சாளரம். அந்த உலாவியின் ஒலியை மட்டும் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லோர் குரலும் இரட்டையாகக் கேட்கும். இரைச்சல் நீக்கும் வசதியையும் பூனைக்கு அணைத்துவிட வேண்டும். மனிதக் குரல் அல்லாததை எல்லாம் அது குப்பை என்று எடுத்துவிடுகிறது. 2024 தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, பச்சைக் கொடியை அழுத்தினேன். ஐந்து வீடுகளிலும் பூனை கத்தியது. ஒரு வீட்டில் உண்மையான பூனை ஒன்று ஓடிவந்து கைப்பேசியை மோந்து பார்த்ததாகச் சொன்னார்கள்.

விஎன்சியை முழுக்கக் கைவிட்டேன் என்று சொல்ல முடியாது. காட்டுவதற்குக் கார்டு, உள்ளே நுழைந்து கை வைப்பதற்கு அது ஆகாது. மஸ்கட்டில் அக்கா மகனிடம் பை 4 இருக்கிறது. அவன் வீட்டு இணைப்புக்குத் தனிப் பொது முகவரி கிடையாது, வெளியிலிருந்து விஎன்சி கதவைத் தட்டவே முடியாது. 2024 மே மாதம் ராஸ்பெரி பை கனெக்ட் என்ற தொலைவழிச் சேவை வந்த பிறகு உலாவியிலேயே அவன் திரையைத் திறக்கிறேன். முடிந்தால் இரு கணினிகளும் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன, முடியாவிட்டால் இடையில் ஒரு சர்வர் வழியாகப் போகிறது. கனெக்டின் திரைப் பகிர்வுக்கு வேலண்ட் வேண்டும். ஆக அவன் பையில் வேலண்ட், என் பையில் எக்ஸ்11. சித்தி மட்டும் பழசிலேயே இருக்கிறாளே என்று அவனுக்குச் சிரிப்பு.

குறை இல்லாமல் இல்லை. மின்சாரம் போனால் மடிக்கணினி பேட்டரியில் நானும் பூனையும் அழைப்பில் இருப்போம், பை செத்துவிடும். பூனையின் படம் கறுத்துப்போகும். அப்படிப் போய் வந்ததில் பையின் இயங்குதளம் இருந்த மெமரி கார்டு ஒன்று கெட்டது. இப்போது இன்னொரு மெமரி கார்டில் நகல் எடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் தெருவில் தண்ணீர் நின்ற நாட்களில் எதுவுமே உதவவில்லை, அது வேறு விஷயம்.

கடைசியாக, மைக்ரோ எச்டிஎம்ஐ துளை. வாரா வாரம் செருகி எடுத்ததில் கார்டுக்குப் போகும் துளை தளர்ந்துவிட்டது. மேசையில் யாராவது கை வைத்தால் படம் போய்விடும். கேபிளைக் கழற்றுவதையே நிறுத்திவிட்டு, அது ஆடாமல் இருக்க ஒரு ரப்பர் பேண்டை விசைப்பலகையோடு சேர்த்துச் சுற்றியிருக்கிறேன். அம்மா மீன் பையின் வாயைக் கட்ட வைத்திருந்தது அது. அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.