"வைஃபை கார்டு போச்சு, அட்மின் பாஸ்வேர்டு குடுங்க" என்பவர்களிடம் கொஞ்சம் உஷார்

திருச்சியில் வீட்டுக்கே வந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒரு கடைக்காரரிடம் 2,800 ரூபாய் அழுதிருக்கிறோம். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். லேப்டாப்புக்குள் அவர் செய்துவிட்டுப் போன வேலையைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்களுடையது பழைய விண்டோஸ் 10 லேப்டாப். அட்மின் அக்கவுண்ட் தனி. மாமனாருக்கும் எட்டாவது படிக்கும் மகனுக்கும் ஸ்டாண்டர்டு அக்கவுண்ட்தான், அதாவது எதையாவது இன்ஸ்டால் செய்யப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்து ரூட்டரை மாற்றிவிட்டுப் போனதிலிருந்து போன், டிவி எல்லாவற்றிலும் நெட் பறக்கிறது. லேப்டாப்பில் மட்டும் எங்கள் வைஃபை பெயரே காணோம். நான் ஆபீஸில் இருந்த நேரத்தில் மாமனார் கடைக்கு போன் போட்டுவிட்டார்.

வந்தவர் எடுத்த எடுப்பிலேயே, "உள்ள இருக்குற வைஃபை கார்டு போச்சுங்கய்யா. போன்ல வருதுல்ல, அப்ப ரூட்டர் நல்லாத்தான இருக்கு" என்றிருக்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். யுஎஸ்பி டாங்கிள் (வெளியே செருகும் குட்டி வைஃபை கருவி) ஒன்றைச் செருகி, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை ஏற்ற அட்மின் பாஸ்வேர்டு கேட்டார். மாமனாரும் டைரியைப் புரட்டி வாசித்துக் காட்டிவிட்டார். நெட் வந்தது. போகும்போது, "இப்படி லாக் போட்ட அக்கவுண்ட் வெச்சிருந்தா வைஃபை அடிக்கடி கட்டாகும், அதையும் சரி பண்ணிட்டேன்" என்று ஒரு போனஸ் வேறு.

இது பச்சைப் பொய். ஸ்டாண்டர்டு அக்கவுண்ட்டிலிருந்தே வைஃபையைத் தேர்ந்தெடுத்து, அதன் பாஸ்வேர்டை அடித்து இணைக்கலாம். ஐபி முகவரியை மாற்றுவது, கார்டை முடக்குவது, நெட்வொர்க் ரீசெட் மாதிரி வேலைகளுக்குத்தான் அட்மின் வேண்டும். இணைந்த வைஃபை அறுந்து போவதற்கும் அக்கவுண்ட் வகைக்கும் சம்பந்தமே கிடையாது.

"சரி பண்ணிய" லட்சணம் இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. மகன் ஏதோ கேமை இன்ஸ்டால் செய்துகொண்டிருந்தான். பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பக்கத்தைத் திறந்தால், மகன், மாமனார் இரண்டு பேரும் அட்மினிஸ்ட்ரேட்டர்! போதாததற்கு எங்களுக்குத் தெரியாத பெயரில் மூன்றாவதாக ஒரு அட்மின். எதையாவது மாற்றும் முன் அனுமதி கேட்கும் யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல் எச்சரிக்கையை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருக்கிறார். எங்கிருந்தோ இந்த லேப்டாப்பை இயக்க உதவும் ரிமோட் மென்பொருள் ஒன்று, விண்டோஸ் திறக்கும்போதே தானாக ஓடும்படி. வீட்டுச் சாவியை நகல் எடுத்துக்கொண்டு போன மாதிரிதான் இது.

அப்புறம் லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைப் பார்த்தேன். நெட்வொர்க் அடாப்டர்களில் டாங்கிளுக்கு மேலே பழைய கார்டும் இருந்தது, ஐகானில் கீழ்நோக்கிய குட்டி அம்புக்குறியோடு. அந்தக் குறி பழுதுக்கு அல்ல, யாரோ டிசேபிள் செய்ததற்கு. டாங்கிளைப் பிடுங்கிவிட்டு எனேபிள் கொடுத்தேன். பட்டியலில் எதிர் வீடு, மாடி வீடு, தெருமுனை மெடிக்கல் ஷாப் என்று வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. எங்களுடையது மட்டும் இல்லை. செத்துப்போன கார்டு ஊரார் வைஃபையை எப்படிக் காட்டும்?

விஷயம் ரூட்டரில் இருந்தது. வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. புது ரூட்டரில் 5 மட்டும் ஆனில் இருந்தது, 2.4 அணைந்து கிடந்தது. எங்கள் லேப்டாப் கார்டுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். போன்களுக்கு இரண்டும் தெரியும், டாங்கிளுக்கும் 5 தெரியும், அதனால் அவை தப்பித்தன. கமாண்ட் பிராம்ட்டில் "நெட்எஸ்ஹெச் டபிள்யூலான் ஷோ டிரைவர்ஸ்" கட்டளையை ஆங்கிலத்தில் (netsh wlan show drivers) அடித்தால் கார்டுக்கு என்னென்ன வைஃபை வகை தெரியும் என்று வரும்; 802.11 பி, ஜி, என் மூன்றும் மட்டும் இருந்து, ஏ அல்லது ஏசி இல்லையென்றால் 5 எடுக்காது. இதை ஸ்டாண்டர்டு அக்கவுண்ட்டிலேயே பார்க்கலாம். ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த முகவரியை என் போன் பிரவுசரில் அடித்து உள்ளே போய் 2.4ஐ ஆன் செய்தேன். லேப்டாப் உடனே பிடித்துக்கொண்டது. லேப்டாப்பின் அட்மின் பாஸ்வேர்டே தேவைப்படாத வேலை இது!

இதே நிலையில் இருப்பவர்கள் காசு கொடுக்கும் முன், போனில் ஹாட்ஸ்பாட்டை 2.4இல் போட்டு லேப்டாப்பை இணைத்துப் பாருங்கள். இணைந்தால் கார்டு உயிரோடுதான் இருக்கிறது. டிரைவர் ஏற்றத்தான் வேண்டும் என்றால் பாஸ்வேர்டை வாயால் சொல்லாமல் நீங்களே அடியுங்கள், ஆள் கிளம்பும்வரை பக்கத்தில் இருங்கள். அக்கவுண்ட் பட்டியலையும் இன்ஸ்டால் ஆன மென்பொருள் பட்டியலையும் அவர் முன்னாலேயே திறந்து பார்த்துவிடுங்கள், சங்கடப்படத் தேவையில்லை.

அந்த மூன்றாவது அட்மினையும் ரிமோட் மென்பொருளையும் நீக்கிவிட்டு, ஜிமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றினேன். நல்லவேளை, பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930க்குத்தான் உடனே அடித்திருக்க வேண்டும்.

கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "அடுத்த தடவை நேர்ல வராமலே சரி பண்ணலாம்னுதான் மேடம் போட்டோம்" என்றார்கள். டாங்கிளைத் திருப்பி வாங்கிக்கொண்டு 1,200 கொடுத்தார்கள். மீதி சர்வீஸ் சார்ஜாம், வராதாம். பில் கேட்டால், அன்றைக்கே கேட்டிருக்கணுமாம். மாமனார் பணம் அனுப்பிய யுபிஐ பதிவை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே சொல்கிறேன்.